‘டர்போ போச்சு’ என்று முடிவு கட்டும் முன்: வேகமான ஹேட்ச்பேக் கார்களில் உண்மையில் பழுதாவது எது?

ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ, மினி கூப்பர் எஸ், ஃபோர்டு ஃபோகஸ் எஸ்டி மாதிரியான கார்களைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். ஒருவர் “அருமையான வண்டி, ஒரு தொல்லையும் இல்லை” என்பார். இன்னொருவர் “அந்தப் பக்கமே போகாதீங்க, டர்போ போனால் தலையில் துண்டுதான்” என்பார். இருவரும் பேசுவது ஒரே மாடலைப் பற்றித்தான். 2025-ல் கோல்ஃப் ஜிடிஐ இந்தியாவிலும் விற்பனைக்கு வந்த பிறகு, இந்த வகைக் கார்களின் பழுதுகளைப் பற்றிய கேள்விகள் நம் பக்கமும் கூடியிருக்கின்றன. வெளிநாடுகளில் பழைய வண்டி வாங்கும் தமிழர்களுக்கு இது முன்பே பழகிய குழப்பம்.

குழப்பத்துக்குக் காரணம், எல்லாப் பழுதையும் ‘டர்போ பிரச்சினை’ என்ற ஒரே பெட்டியில் போட்டுவிடுவது. டர்போ தானாகச் சாவது குறைவு. அதற்கு ஆயில் கொண்டுவரும் குழாய், இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் வால்வு, காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் என்று சுற்றியிருக்கும் ஏதாவது ஒன்று முதலில் கெடும். டர்போ அதற்குப் பலியாகும். இந்த வரிசை புரியாமல் டர்போவை மட்டும் மாற்றினால், புது டர்போவும் அதே வழியில் போகும்.

அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இது என்ன வகைக் கார்?

ஹேட்ச்பேக் என்பது டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்காமல், பின்கதவு மேலே திறக்கும் கார். ஸ்விஃப்ட், ஐ20 எல்லாம் அதுதான். அதே உடம்பில் வலுவான இன்ஜின், இறுக்கமான சஸ்பென்ஷன், பெரிய பிரேக் வைத்துத் தயாரித்தால் ‘ஹாட் ஹேட்ச்’. 1976-ல் வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐதான் இந்த வகையைப் பரவலாக்கியது. அதில் 1.6 லிட்டர் இன்ஜின், டர்போ கிடையாது, 110 குதிரைத்திறன். 2004-ல் வந்த ஐந்தாம் தலைமுறை ஜிடிஐயில் 2.0 லிட்டர் டர்போ, 200 குதிரைத்திறன். 2019-ல் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஏ45 எஸ் அதே 2.0 லிட்டரிலிருந்து 421 குதிரைத்திறன் எடுத்தது.

லிட்டருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் சுமார் 70, அப்புறம் 100, அப்புறம் 210. இன்ஜினின் அளவு பெரிதாக மாறவில்லை. அதே இடத்துக்குள் எரியும் காற்றும் பெட்ரோலும்தான் கூடியிருக்கின்றன. கூடவே அழுத்தமும் சூடும். கீழே வரும் பழுதுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்து கிளம்புபவை.

டர்போ எப்படி வேலை செய்கிறது?

இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இது டர்பைன். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. இது கம்ப்ரெஸர். அப்படித் தள்ளும் அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்கிறோம். அழுத்தும்போது காற்று சூடாகும் என்பதால், வழியில் இன்டர்கூலர் அதைக் குளிர்விக்கிறது. பூஸ்ட் அளவுக்கு மீறாமல் இருக்க, புகையின் ஒரு பகுதியை டர்பைனுக்குப் போகவிடாமல் திருப்பிவிடும் கதவு வேஸ்ட்கேட். ஓட்டுநர் திடீரென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மிஞ்சும் அழுத்தத்தை விடுவிப்பது டைவர்ட்டர் வால்வு.

இரண்டு எண்களை மட்டும் மனதில் வையுங்கள். பெட்ரோல் இன்ஜினில் டர்பைன் பக்கம் வரும் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகள் வரை சுழலும். இந்த வேகத்தில் தண்டைத் தாங்குவது, பெரும்பாலான டர்போக்களில், புஷ்ஷுக்கும் தண்டுக்கும் நடுவே நிற்கும் மெல்லிய ஆயில் படலம். அந்தப் படலம் ஒரு கணம் அறுந்தால் உலோகமும் உலோகமும் உரசும்.

ஆயில் மேலே ஒரு மெல்லிய குழாய் வழியாக அழுத்தத்துடன் உள்ளே வரும். கீழே ஒரு தடித்த குழாய் வழியாகத் தானாக வழிந்து இன்ஜினுக்குள் இறங்கும். இறங்குவதற்குப் பம்பு எதுவும் கிடையாது, புவியீர்ப்பு மட்டும்தான். நீலப் புகை எங்கிருந்து வருகிறது என்பதற்கான பாதி விடை இந்த வடிவமைப்பிலேயே இருக்கிறது.

டர்போ மீது விழும் பழி

சைலன்ஸரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். உடனே “டர்போ சீல் போச்சு” என்று தீர்ப்பு வந்துவிடும். டர்போவில் இருக்கும் சீல், தண்ணீர்க் குழாயில் போடும் ரப்பர் வாஷர் மாதிரியான ஒன்றல்ல. பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையம் அது. இருபுறமும் உள்ள அழுத்த வித்தியாசம் சரியாக இருக்கும்வரைதான் அது ஆயிலைத் தடுக்கும். அந்த வித்தியாசத்தைக் குலைப்பவை வேறு இடங்களில் இருக்கின்றன.

1. பிசிவி வால்வு. பிஸ்டனைத் தாண்டிக் கசியும் வாயு இன்ஜினின் கீழ்ப்பகுதியில் சேரும். அதை உறிஞ்சி மறுபடி எரிக்க அனுப்புவது இந்த வால்வு. உள்ளே ஒரு மெல்லிய சவ்வு. அது கிழிந்தாலோ வழி அடைத்தாலோ கீழ்ப்பகுதியில் அழுத்தம் ஏறும். டர்போவிலிருந்து வழிந்து இறங்க வேண்டிய ஆயில் இறங்க முடியாமல் நின்று, சீலைத் தாண்டி வெளியே தள்ளப்படும். ஐந்தாம் தலைமுறை ஜிடிஐயிலும், 2.5 லிட்டர் ஃபோகஸ் எஸ்டியிலும் இது எல்லா மெக்கானிக்குகளுக்கும் தெரிந்த பழுது. டர்போ விலையோடு ஒப்பிட்டால் இந்த வால்வின் விலை மிகச் சின்னத் தொகை.

2. ஆயில் வரும் குழாய். இது சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. வேகமாக ஓட்டிவிட்டு உடனே இன்ஜினை அணைத்தால், உள்ளே தேங்கிய ஆயில் வெந்து கரியாகப் படியும். நாளாக ஆகக் குழாயின் துளை குறுகும். 2006-ல் வந்த, ஆர்56 என்ற குறியீடுள்ள மினி கூப்பர் எஸ்ஸில் இந்தக் குழாயின் இணைப்பில் கசிவும் சேர்ந்துகொள்ளும்.

3. காற்றுக் கசிவு. டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ஹோஸில் விரிசல் விழுந்தால் அழுத்தம் குறையும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி சும்மா இருக்காது. கேட்ட பூஸ்ட் வரும்வரை டர்போவை இன்னும் வேகமாகச் சுழலச் சொல்லும். கசிவு இருக்கும் இடம் ஒன்று, தேய்வது டர்போ. ஐந்தாம் தலைமுறை ஜிடிஐயில் டைவர்ட்டர் வால்வின் ரப்பர் சவ்வு கிழிவது இதே கதை. பின்னால் நிறுவனமே சவ்வுக்குப் பதிலாகப் பிஸ்டன் வைத்த வால்வைக் கொண்டுவந்தது.

4. ஏர் ஃபில்டர். தரமில்லாத ஃபில்டரோ சரியாகப் பொருந்தாத மூடியோ இருந்தால் மணல் துகள் உள்ளே போகும். கம்ப்ரெஸர் சக்கரத்தின் விளிம்பு அரிக்கப்பட்டுச் சொரசொரப்பாக இருந்தால் காரணம் இதுதான்.

காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பி0299 என்ற கோடு (பழுதுக் குறியீடு) வந்தால் ‘எதிர்பார்த்த பூஸ்ட் வரவில்லை’ என்று அர்த்தம். ‘டர்போவை மாற்று’ என்று அர்த்தமல்ல. மேலே சொன்னவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். வேஸ்ட்கேட்டின் இணைப்புத் தண்டு தேய்ந்து ஆடுவதும் இருக்கலாம். அதிலிருந்து ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, மெல்லிய கிணுகிணுச் சத்தம் வரும்.

இன்னொரு தவறான தீர்ப்பும் அடிக்கடி நடக்கிறது. டர்போ தண்டை விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்து, “பாருங்க, ஆடுது” என்று காட்டுவார்கள். ஆயில் படலம் நிற்க இடம் வேண்டும் என்பதால், பக்கவாட்டில் சிறிது ஆட்டம் புது டர்போவிலேயே உண்டு. முன்னும் பின்னுமாக ஆடினாலோ, சக்கரம் சுவரில் உரசிய தடம் இருந்தாலோதான் அது செத்த டர்போ. நல்ல நிலையில் இருக்கும் எத்தனையோ டர்போக்கள் இந்த விரல் சோதனையில் கழித்துக் கட்டப்படுவது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கொண்டுவந்த இரண்டு தொல்லைகள்

பழைய முறையில் பெட்ரோல், வால்வுக்கு வெளியே தெளிக்கப்பட்டுக் காற்றோடு கலந்து உள்ளே போகும். 2000-களிலிருந்து பல கார்களில் பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள்ளேயே உயர் அழுத்தத்தில் தெளிக்கிறார்கள். சிலிண்டருக்குள் குளிர்ச்சி கிடைக்கும், கூடுதல் பூஸ்ட் தாங்கும், மைலேஜும் கூடும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு.

முதல் தொல்லை, கரி. முன்பெல்லாம் பெட்ரோல் வால்வின் பின்பக்கத்தைக் கழுவிக்கொண்டே போகும். இப்போது அந்தப் பக்கம் பெட்ரோலே வருவதில்லை. பிசிவி வழியாக வரும் ஆயில் ஆவி மட்டும் வருகிறது. அது சூடான வால்வில் ஒட்டிக் கருகிக் கட்டியாகும். காலையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் உதறும், ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு எரியும், பிக்கப் குறையும். டேங்கில் ஊற்றும் கிளீனர் எதுவும் இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் டேங்கில் ஊற்றுவது அந்த வால்வின் பின்பக்கத்தைத் தொடவே தொடாது. இன்ஜினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டைக் கழற்றி, அரைத்த வால்நட் ஓட்டை அழுத்தக் காற்றோடு அடித்துச் சுத்தம் செய்வதுதான் நிலைத்த வழி. 2013-ல் வந்த ஏழாம் தலைமுறை ஜிடிஐயின் ஐரோப்பிய இன்ஜினில் நேரடியாகவும் வெளியிலுமாக இரண்டு வகை இன்ஜெக்டர்களையும் வைத்தார்கள். இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. வட அமெரிக்காவுக்குப் போன அதே காரில் வெளி இன்ஜெக்டர் இல்லை. ஒரே பெயரில் விற்கும் காரைப் பற்றி இரண்டு நாட்டுக்காரர்கள் இரண்டு விதமாகப் பேசுவதற்கு இது நல்ல உதாரணம்.

இரண்டாவது தொல்லை, உயர் அழுத்தப் பெட்ரோல் பம்பு. ஐந்தாம் தலைமுறை ஜிடிஐயில் இருக்கும் ஈஏ113 இன்ஜினில் இந்தப் பம்பை ஓட்டுவது, வால்வுகளைத் திறக்கும் சுழல் தண்டான கேம்ஷாஃப்ட். கேம்ஷாஃப்டின் மேட்டுக்கும் பம்பின் தண்டுக்கும் நடுவே கேம் ஃபாலோயர் என்ற ஒரு சின்ன உலோகப் பாகம் உட்கார்ந்திருக்கும். கவிழ்த்துவைத்த சிறிய டம்ளர் மாதிரி இருக்கும். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், புதிதில் அதன் மேல்முகம் கறுப்பாகப் பளபளக்கும். அது உரசலைத் தாங்கப் பூசிய பூச்சு. ஓட ஓட நடுவில் கறுப்புப் போய் வெள்ளி நிற வட்டம் ஒன்று தெரிய ஆரம்பிக்கும். வட்டம் பெரிதாகும், நடுவில் குழி விழும், கடைசியில் ஓட்டையாகிவிடும். அப்போது பம்பின் தண்டு நேரடியாகக் கேம்ஷாஃப்டில் குத்தும். பம்பும் போகும், கேம்ஷாஃப்டும் போகும், உலோகத் தூள் ஆயிலில் கலந்து இன்ஜின் முழுக்கச் சுற்றும்.

இதைச் சோதிக்க மூன்று போல்ட்டைக் கழற்றிப் பம்பைத் தூக்கினால் போதும். அனுபவமுள்ளவர்கள் 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்துவிடுவார்கள். கறுப்பு முழுசாகப் போயிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடலாம், விலை குறைவுதான். பார்க்காமல் விட்டவர்களுக்கு பி0087, அதாவது பெட்ரோல் அழுத்தம் போதவில்லை என்ற கோடு வரும். அந்த நேரத்தில் பெரும்பாலும் கேம்ஷாஃப்ட் வரை சேதம் போயிருக்கும்.

டைமிங் செயின்: முதல் பத்து விநாடிச் சத்தம்

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டையும் கேம்ஷாஃப்டையும் சேர்த்துக் கட்டி, வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூடச் செய்வது டைமிங் பெல்ட் அல்லது செயின். செயின் என்றால் வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம் என்ற நம்பிக்கை இருந்தது. இந்த வகைக் கார்கள் அந்த நம்பிக்கையை உடைத்தன.

செயினைத் தளராமல் இழுத்துப் பிடிப்பது டென்ஷனர். ஆயில் அழுத்தத்தில் இயங்கும். இன்ஜின் நின்றிருக்கும்போது ஆயில் அழுத்தம் இருக்காது. அப்போது செயினைப் பிடித்து வைப்பது டென்ஷனருக்குள் இருக்கும் பல்வரிசைப் பூட்டு மட்டுமே. ஆறாம் தலைமுறை ஜிடிஐயில் வந்த ஆரம்பகால ஈஏ888 இன்ஜின்களில் இந்தப் பூட்டு நழுவியது. நழுவினால் செயின் தளரும். மறுபடி ஸ்டார்ட் செய்யும் அந்த நொடியில் பல் தாண்டும், வால்வு பிஸ்டனில் மோதும். ஓடும்போது நன்றாக இருந்த வண்டி, காலையில் சாவி போட்டதும் இன்ஜின் சிதைந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். 2012 வாக்கில் டென்ஷனரின் வடிவமைப்பு மாறியது. அமெரிக்காவில் இதற்காக உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கு 2018-ல் உடன்பாட்டில் முடிந்தது. டென்ஷனர் மாற்றாத வண்டியைச் சரிவில் கியரை மட்டும் நம்பி நிறுத்தக் கூடாது. வண்டி சற்றே நகர்ந்து இன்ஜின் பின்பக்கமாகத் திரும்பினால் தளர்ந்த செயின் அங்கேயே பல் தாண்டக்கூடும். கை பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் பிரேக் பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும்.

ஆர்56 மினி கூப்பர் எஸ்ஸின் என்14 இன்ஜின், பிஎம்டபிள்யூவும் பெஜோ-சிட்ரோயன் குழுமமும் சேர்ந்து உருவாக்கியது. அதில் இந்தப் பழுது சத்தம் போட்டே வரும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் முதல் சில விநாடிகள் டீசல் வண்டி மாதிரிக் கடகடவென்று ஒலிக்கும், ஆயில் ஏறியதும் அடங்கும். அடங்கிவிட்டதே என்று விட்டவர்கள்தான் பிறகு பெரிய தொகை கொடுத்தார்கள். ஆயில் அளவு குறைந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். அந்த இன்ஜினோ ஆயிலைக் குடிக்கும் பழக்கமுள்ளது.

இங்கே சர்வீஸ் இடைவெளியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபோக்ஸ்வேகன் ஐரோப்பாவில் ‘லாங்லைஃப்’ என்ற பெயரில் 30,000 கிலோமீட்டர் அல்லது 2 ஆண்டு வரை ஆயில் மாற்றாமல் ஓட்ட அனுமதித்தது. தவணையில் எடுத்துச் சில ஆண்டுகளில் திருப்பித் தருபவருக்கு அது செலவு மிச்சம். மூன்றாவது, நான்காவது கைக்கு வரும்போது அதன் பலன் டென்ஷனரிலும் டர்போ குழாயிலும் தெரியும். 10,000 கிலோமீட்டருக்கு அல்லது வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதைவிடப் பயனுள்ள பராமரிப்பு இந்தக் கார்களுக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

சூடும் தண்ணீரும்

2016-ல் வந்த மூன்றாம் தலைமுறை ஃபோகஸ் ஆர்எஸ், 2.3 லிட்டரில் 350 குதிரைத்திறன் கொண்டது. கொஞ்ச நாளிலேயே பல வண்டிகளில் காலை ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை, கூலன்ட் குறைவது, இன்ஜின் உதறுவது என்று புகார்கள் வந்தன. இன்ஜினின் மேல்மூடிக்கும் பிளாக்குக்கும் (சிலிண்டர்கள் இருக்கும் உலோக உடம்பு) நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் கசிந்து கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கியதே காரணம். இதே குடும்பத்து 2.3 லிட்டர் இன்ஜின் மஸ்டாங்கிலும் உண்டு. அதற்கான கேஸ்கெட் இந்தக் காரில் போடப்பட்டிருந்தது என்று அப்போது பரவலாகச் செய்தி வந்தது. 2018 ஜனவரியில் ஃபோர்டு இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை அறிவித்தது. 2016, 2017 மாடலைப் பழையதாக வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் காகிதம், இந்த வேலை முடிந்ததற்கான ரசீது.

இரண்டாம் தலைமுறை ஃபோகஸ் எஸ்டியில் இருந்தது வால்வோவிலிருந்து வந்த ஐந்து சிலிண்டர் 2.5 லிட்டர். அதன் சிலிண்டர்களுக்கு நடுவே பிளாக்கின் மேல்பக்கம் கூலன்ட் ஓடுவதற்காக மெல்லிய வெட்டுகள் உண்டு. தொழிற்சாலை தந்த 225 குதிரைத்திறனில் பெரும்பாலும் தாங்கிய சிலிண்டர் சுவர்கள், பூஸ்டைக் கூட்டி ஓட்டியபோது விரிசல் விட்டன. அந்த வெட்டுகளில் உலோகத் தகடு செருகி வலுப்படுத்தும் வேலை இன்றும் நடக்கிறது.

ஜிடிஐகளில் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் உட்காரும் பிளாஸ்டிக் கூடு, சூட்டில் வளைந்து கசியும். சொட்டுச் சொட்டாகக் கசிந்து சூட்டிலேயே உலர்ந்துவிடுவதால் தரையில் ஈரம் தெரியாது. இன்ஜின் பக்கவாட்டில் இளஞ்சிவப்பு உப்புத் தடமும், மெல்லிய இனிப்பு வாசனையும்தான் அடையாளம்.

இன்ஜினை அணைத்த பிறகும் டர்போவுக்குச் சிறிது நேரம் கூலன்டை ஓட்ட மினி கூப்பர் எஸ்ஸில் ஒரு தனி மின்சாரப் பம்பு உண்டு. ஆயில் கரியாவதைத் தடுக்க வைத்த நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பம்பின் மின்னணுப் பலகை பழுதாகித் தீப்பிடிக்க வாய்ப்பிருப்பது தெரிந்து, 2012 ஜனவரியில் உலகம் முழுக்கச் சுமார் 2,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

குறைந்த வேகத்தில் முழு மிதி

ஏழாம் தலைமுறை ஜிடிஐ நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே 350 நியூட்டன் மீட்டர் டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை) தரும். ஓட்டச் சுகமான விஷயம்தான். ஆனால் இவ்வளவு கீழே இவ்வளவு அழுத்தம் வரும்போது, சிலிண்டர் சுவரிலிருந்து பிரியும் ஆயில்-பெட்ரோல் துளி ஒன்று, ஸ்பார்க் பிளக் பொறி விடும் முன்பே தானாகப் பற்றிக்கொள்ள வாய்ப்புண்டு. பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும், வெடிப்பு அதைக் கீழே அடிக்கும். ஒரே ஒரு கடுமையான அடியில் பிஸ்டனின் ரிங் உட்காரும் விளிம்பு உடையலாம், கனெக்டிங் ராடு வளையலாம். ஆங்கிலத்தில் இது ‘லோ ஸ்பீட் ப்ரீ-இக்னிஷன்’, சுருக்கமாக எல்எஸ்பிஐ. மாஸ்டா 3 எம்பிஎஸ் காரின் 2.3 லிட்டர் இன்ஜின், பூஸ்டைக் கூட்டியபோது ராடு வளைந்து பிளாக்கில் ஓட்டை விழுந்ததற்காகவே பெயர் பெற்றது. அங்கும் கீழ்ச் சுற்றில் வரும் அதிக டார்க்தான் முக்கியக் காரணம்.

இதில் ஆயிலுக்கும் பங்குண்டு. ஆயிலில் சேர்க்கும் கால்சியம் வகை டிடர்ஜென்ட் இந்த வெடிப்பைத் தூண்டுவதைக் கண்டுபிடித்து, அதைக் குறைத்து மக்னீசியம் சேர்த்த ஆயில்கள் வந்தன. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) எஸ்என் பிளஸ் 2018-லும், எஸ்பி 2020-லும் வந்த தரங்கள். டப்பாவில் எஸ்பி என்று இருக்கிறதா, கூடவே கார் நிறுவனம் சொன்ன தர எண்ணும் இருக்கிறதா என்று இரண்டையும் பார்த்து வாங்க வேண்டும். ஓட்டும்போது ஐந்தாவது, ஆறாவது கியரில் 1,500 சுற்றில் வைத்து முழுசாக மிதிக்காமல், ஒரு கியர் இறக்கிவிட்டு மிதியுங்கள்.

கிளட்ச், கியர்பாக்ஸ், ரெமாப்

மேனுவல் வண்டியில் முதலில் விட்டுக்கொடுப்பது கிளட்ச். டிஎஸ்ஜி எனப்படும் இரட்டை கிளட்ச் பெட்டியில் இரண்டு வகை உண்டு. ஆறு கியர் டிக்யூ250-இல் கிளட்ச் ஆயிலில் ஊறியிருக்கும், அந்த ஆயிலை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ஏழு கியர் டிக்யூ200-இல் கிளட்ச் உலர்ந்தது, 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும்தான். 1.4 லிட்டர் போலோ ஜிடிஐயிலும், இந்தியாவில் விற்ற 1.2 லிட்டர் போலோ ஜிடி டிஎஸ்ஐயிலும் இருந்தது இதுதான். 2013 மார்ச்சில் சீனாவில் 3,84,181 கார்கள் டிஎஸ்ஜி பழுதுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் உலக அளவில் சுமார் 16 லட்சம் கார்களில், டிக்யூ200-இன் சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றினார்கள். வெப்பமும் ஈரப்பதமும் கூடிய நாடுகளில் பழைய ஆயில் மின்சுற்றைப் பாதித்ததே காரணம்.

ரெமாப் என்பது கணினியின் மென்பொருளை மாற்றிப் பூஸ்டைக் கூட்டுவது. ஏழாம் தலைமுறை ஜிடிஐயை ரெமாப் செய்தால் டார்க் எளிதாக 400 நியூட்டன் மீட்டரைத் தாண்டும், தொழிற்சாலை கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். நிதானமாகச் செய்த ரெமாப் தன்னளவில் தவறல்ல. கரி பிடித்த வால்வோடும் தேய்ந்த செயினோடும் செய்வதுதான் தவறு. மென்பொருளைப் பழையபடி மாற்றிவிட்டாலும் தடம் மறையாது. ஃபோக்ஸ்வேகன் குழுமம் டிடி1 என்ற குறியைக் காரின் பதிவில் போட்டுவிடும், அப்புறம் இன்ஜின் வாரண்டி கிடைப்பது கடினம்.

பழைய வண்டியைப் பார்க்கப் போனால்

1. பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வரும் முன்பே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். செயின் சத்தம், வெள்ளைப் புகை, கரியால் வரும் உதறல் மூன்றுமே குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் தெரியும்.

2. டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவையும் பெட்ரோல் வாசனையையும் பாருங்கள். கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்திருந்தால், “ஊற்றினால் சரியாகிடும்” என்ற பதிலை ஏற்காதீர்கள்.

3. ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, பிறகு ஆக்ஸிலரேட்டரை ஒரு அழுத்து அழுத்துங்கள். நீலப் புகை வந்தால் முதலில் பிசிவியைச் சந்தேகியுங்கள். ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்ற முடியாதபடி உள்ளிழுத்துப் பிடித்தாலும், புஸ்ஸென்று வெளியே தள்ளினாலும் பிசிவி சரியில்லை.

4. இன்ஜின் சூடான பிறகு, பாதுகாப்பான சாலையில் மூன்றாவது கியரில் 2,000 சுற்றிலிருந்து முழுசாக மிதியுங்கள். இழுவை ஒரே சீராக ஏற வேண்டும். உயர் கியரில் சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது.

5. ஸ்கேனரை மாட்டுங்கள். எல்லாக் கோடுகளும் அன்று காலையில்தான் அழிக்கப்பட்டிருந்தால் அதுவே ஒரு தகவல். ஈஏ888-இல் கேம்ஷாஃப்ட் கோண அளவைப் பார்த்தால் செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று தெரியும்.

இன்ஜின் மவுன்ட், சஸ்பென்ஷன் புஷ், முன் டயரின் உள்விளிம்பு ஆகியவை முன்சக்கரத்தில் இவ்வளவு சக்தியைக் கொடுக்கும் எந்தக் காரிலும் தேயும். விலை பேசும்போது கழித்துக்கொள்ளலாம், வண்டியை வேண்டாம் என்று சொல்ல இவை போதாது.

ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் வொர்க்ஷாப்பில் “டர்போ மாற்றணும்” என்று சொன்னால் மூன்று விஷயங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஹோஸ்களில் புகை செலுத்திக் கசிவு பார்த்த முடிவு, பிசிவியின் நிலை, கழற்றிய ஆயில் குழாயின் உட்புறம். இவற்றைப் பார்த்த பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், ஆயில் வரும் குழாயும் அதே நாளில் புதிதாகட்டும். திரும்பி இறங்கும் குழாயைச் சுத்தம் செய்து, புது ஆயிலும் ஃபில்டரும் போட வேண்டும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் ஆயில் துளையில் ஆயில் விட்டுத் தண்டைக் கையால் சுழற்றி நனைக்க வேண்டும். பிறகு சில நிமிடங்கள் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஐட்லிங்கில் ஓடட்டும்.